பத்து முறை பெண் அமர்ந்த அரியணை

2019ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி காலை டோக்கியோ அரண்மனையின் பைன் மண்டபத்தில் ஒரு சடங்கு நடந்தது. பத்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. வாளும் மணிக்கல்லும் அடங்கிய பெட்டிகளையும் அரச முத்திரைகளையும் அதிகாரிகள் ஏந்தி வந்து புதிய பேரரசர் நருஹிதோவின் முன்னால் இருந்த மேசைகளில் வைத்தார்கள். ஓரத்தில் தம்பி அகிஷினோ நின்றார். சித்தப்பா ஹிதாச்சி சக்கர நாற்காலியில் இருந்தார். அரச குடும்பத்தின் சார்பில் அந்த மண்டபத்தில் இருந்தது அவ்வளவு பேர்தான். வயதுவந்த ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது விதி. அன்று நள்ளிரவிலேயே பேரரசி ஆகிவிட்டிருந்த மசாகோ அங்கே இல்லை.

எதிரே அமைச்சர்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் ஒரு பெண் இருந்தார். அப்போதைய அமைச்சரவையின் ஒரே பெண் அமைச்சர் கதயாமா சத்சுகி. நவீன காலத்தில் அந்தச் சடங்கில் ஒரு பெண் நின்றது அதுவே முதல் முறை. அமைச்சர் பதவியில் இருப்பதால் ஒரு பெண் உள்ளே நிற்கலாம், பேரரசரைக் கட்டிக்கொண்டதால் இன்னொரு பெண் வெளியே காத்திருக்க வேண்டும். 

அந்த வருடம் நாடே பத்து நாள் தொடர் விடுமுறையில் இருந்தது. நான் அப்போது டோக்கியோவில் நிஷிகசாயில் குடியிருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. ஊர் சுற்றப் போன இடங்களிலெல்லாம் கூட்டம் பிதுங்கியதால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சிதான் பார்த்தோம். சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த என் பெரியவள், "அம்மா, அவங்க பொண்ணு எங்கே?" என்று கேட்டாள். ஐகோவுக்கு அப்போது 17 வயது, வயதுவராதவர் என்று சொல்லிச் சமாளித்தேன். வயது வந்திருந்தால் மட்டும் உள்ளே விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள். அதற்கப்புறம்தான் யார் பட்டத்துக்கு வரலாம் என்று சொல்லும் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சட்டம் சிறியது. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசகுடும்பச் சட்டத்தின் முதல் பிரிவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: அரச வம்சத்தைச் சேர்ந்த, ஆண்வழியில் வந்த ஆண்மகனே பட்டத்துக்கு வரலாம். 9ஆம் பிரிவு தத்தெடுக்கக் கூடாது என்கிறது. 12ஆம் பிரிவின்படி அரச குடும்பத்துப் பெண் வெளியாள் ஒருவரை மணந்தால் குடும்பத்தை விட்டு வெளியேற வேண்டும். ஆண்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் மணக்கும் பெண் உள்ளே வந்துவிடுவாள். அதே 1947இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் 14ஆம் பிரிவில் ஆண் பெண் பேதம் கூடாது என்கிறது. 2ஆம் பிரிவில், அரியணை வம்சவழி வருவது, விவரங்களை அரசகுடும்பச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறது. கவனிக்க வேண்டியது இது: ஆண்தான் ஆள வேண்டும் என்று சாசனம் எங்குமே சொல்லவில்லை. நாடாளுமன்றம் நினைத்தால் சாதாரணச் சட்டத் திருத்தத்திலேயே மாற்றிவிடலாம். மாற்றவில்லை, அதுதான் கதை.

இன்றைக்கு வரிசையில் மூன்று பேர். முதலாவது அகிஷினோ, 1965இல் பிறந்தவர். பேரரசரைவிட ஐந்து வயதுதான் இளையவர் என்பதால் அவர் முறை வரும்போது அவரும் முதியவராகத்தான் இருப்பார். இரண்டாவது அவர் மகன் ஹிசாஹிதோ, 2006இல் பிறந்தவர். மூன்றாவது அந்தச் சக்கர நாற்காலிச் சித்தப்பா, 1935இல் பிறந்தவர். ஆக, அடுத்த தலைமுறை என்று பார்த்தால் ஒரே ஒரு பையன். மொத்தக் குடும்பமே 16 பேர்தான்.

பெண் ஆளவே கூடாது என்று காலங்காலமாக இருந்த நாடா என்றால் அதுவும் இல்லை. எட்டுப் பெண்கள் பேரரசராக இருந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் இரண்டு முறை பட்டமேறியதால் மொத்தம் பத்து ஆட்சிகள். முதலாமவர் சுய்கோ. 592இல் அண்ணன் தம்பிகளின் சண்டையும் ஒரு பேரரசரின் கொலையும் முடிந்த கையோடு பட்டத்துக்கு வந்து, 628இல் இறக்கும்வரை ஆண்டார். சீனாவின் சுய் அரசவைக்குத் தூது போனது இவர் காலத்தில்தான். ஜிதோ என்பவர் கணவர் தென்மு இறந்த பிறகு ஆட்சியைப் பிடித்து, ஃபுஜிவாரா என்ற புதுத் தலைநகரைக் கட்டி முடித்து, பேரன் வளர்ந்ததும் அவனிடம் ஒப்படைத்தார். 

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கடுத்து வருவது. 707இல் கென்மெய் என்ற பெண் பட்டமேறினார். 710இல் தலைநகரை நாராவுக்கு மாற்றியவர் இவர்தான். 715இல் பதவியைத் துறந்து தன் மகள் கென்ஷோவிடம் கொடுத்தார். தாயிடமிருந்து மகளுக்கு! 712இல் 'கோஜிகி' என்ற பழங்கதைத் தொகுப்பு கென்மெய் கையில் சமர்ப்பிக்கப்பட்டது. 720இல் 'நிஹோன் ஷோகி' என்ற வரலாற்று நூல் கென்ஷோ காலத்தில் முடிந்தது. சூரியதேவி அமதெராசுவில் தொடங்கி, முதல் பேரரசர் ஜிம்மு வழியாக வம்சம் அறுபடாமல் வருகிறது என்று இன்றைக்கு ஆண்வழிக்காரர்கள் எடுத்துக்காட்டும் நூல்கள் இந்த இரண்டும்தான். இரண்டும் ஒரு பெண் அரியணையில் இருந்தபோது வெளிவந்தவை. வம்சமே ஒரு பெண் தெய்வத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதை வேறு சொல்ல வேண்டும்.

அப்புறம் கோகென். இவர் மற்றவர்களைப் போல விதவையாகவோ, நெருக்கடிக்கு அமர்த்தப்பட்டவராகவோ வரவில்லை. 738இலேயே முறைப்படி பட்டத்து இளவரசியாக அறிவிக்கப்பட்டவர். ஒரு முறை ஆண்டு, விலகி, மறுபடி ஷோதோகு என்ற பெயரில் ஆண்டார். இரண்டாவது ஆட்சியில் தோக்யோ என்ற புத்த பிக்குவின் செல்வாக்கு எல்லை மீறியது. அவரையே பேரரசராக்கினால் நாடு அமைதி பெறும் என்று உசா ஹச்சிமான் கோயிலிலிருந்து தெய்வவாக்கு வந்ததாக 769இல் சொன்னார்கள். உறுதிசெய்துவர அனுப்பப்பட்ட அதிகாரி வாகே நோ கியோமாரோ நேர்மாறான வாக்கோடு திரும்பிவந்தார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார். அடுத்த வருடம் பேரரசி இறந்ததும் தோக்யோவின் கதை முடிந்தது. "பெண்ணை உட்கார வைத்தால் இப்படித்தான்" என்று பிற்காலத்தில் சொல்ல இந்தக் கதை வசதியாகப் போயிற்று. ஆண் பேரரசர்களைப் பிக்குகளும் மாமனார்களும் படைத்தலைவர்களும் ஆட்டிவைத்த நூற்றாண்டுகள் ஏராளம். அதைக் காட்டி யாரும் ஆண்களே வேண்டாம் என்று சொன்னதில்லை.

அதன்பின் 859 வருடங்கள் பெண் கிடையாது. 1629இல், நாட்டின் உண்மையான அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தோகுகாவா படைத்தலைவர்களோடு மனக்கசப்பில் பேரரசர் கோ-மிசுனோ திடீரென்று விலகியபோது ஆறு வயதுகூட நிரம்பாத அவர் மகளைப் பட்டத்தில் அமர்த்தினார்கள். அந்தக் குழந்தைதான் மெய்ஷோ, அம்மா வழியில் தோகுகாவா ஹிதேதாதாவின் பேத்தி. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. எட்டாமவர் கோ-சகுராமாச்சி. 1762இல் தம்பி இறந்தபோது வாரிசு சின்னப் பையன் என்பதால் பொறுப்பேற்றார், அவன் வளர்ந்ததும் கொடுத்துவிட்டார். அந்தப் பையனும் இளவயதிலேயே மகனில்லாமல் இறந்துபோனான். அப்போது கிளைக் குடும்பம் ஒன்றிலிருந்து கோகாகு என்ற சிறுவனைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அவனுக்கு ஆசானாகவும் அரணாகவும் இருந்தவர் இந்த அத்தைப்பாட்டி முறைக்காரிதான். 1787இல் பஞ்சத்தில் தவித்த மக்கள் கியோத்தோ அரண்மனையைச் சுற்றிச்சுற்றி வந்து வேண்டிக்கொண்டபோது, கோ-சகுராமாச்சி 30,000 ஆப்பிள்களை அவர்களுக்கு விநியோகித்தார் என்று ஒரு பதிவு உண்டு. பேரரசர்களைப் பற்றிய ஆயிரம் தகவல்களுக்கு நடுவே என் மனதில் தங்கிவிட்டது இந்த ஆப்பிள் கணக்குதான்.

ஆண்வழிக் கட்சியினர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. எட்டுப் பேருமே தகப்பன் வழியில் அரச வம்சத்தவர்கள். கென்ஷோகூட அம்மாவிடமிருந்து பட்டம் வாங்கினாலும் அப்பா குசகாபே ஓர் இளவரசர். இவர்கள் யாரும் வெளியாளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கவில்லை. ஆகவே பெண் பேரரசர் என்பது வேறு, பெண்வழிப் பேரரசர் என்பது வேறு. முன்னது பத்து முறை நடந்தது, பின்னது ஒருபோதும் நடக்கவில்லை என்கிறார்கள். ஐகோ ஆளலாம், ஆனால் ஐகோவின் பிள்ளை ஆளக்கூடாது என்று வாதிடுபவர்கள்கூட இருக்கிறார்கள். முதல் பேரரசரின் 'ஒய்' குரோமோசோம் அப்படியே இறங்கிவருகிறது என்று சிலர் அறிவியல் பூச்சுப் பூசியும் பார்த்தார்கள். புராணகால மனிதர் ஒருவரின் குரோமோசோமை யார் பரிசோதித்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்த அறுபடாத ஆண்வழியை உற்றுப் பார்த்தால் முக்கியமான ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பெண் நிற்கிறாள். 507இல் வம்சம் ஏறக்குறைய நின்றே போயிற்று. ஐந்து தலைமுறை தள்ளிய உறவினர் கெய்தாய் என்பவரை வெளியூரிலிருந்து அழைத்துவந்தார்கள். அவர் முந்தைய பேரரசரின் சகோதரி தஷிராகாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த கின்மெய்யின் வழியில்தான் இன்றைய குடும்பமே வருகிறது. அந்தச் சிறுவன் கோகாகுவுக்கும் முந்தைய பேரரசரின் ஒரே மகளைத்தான் கட்டிவைத்தார்கள். தூரத்து ஆண் ஒருவரைக் கொண்டுவரும்போதெல்லாம், அவரை ஊர் ஏற்றுக்கொள்வதற்கு வம்சத்துப் பெண் தேவைப்பட்டிருக்கிறாள். பெண்ணின் ரத்தம் கணக்கில் வராது என்றால் எதற்காக இத்தனை மெனக்கெட வேண்டும்?

பெண்ணுக்கு இடமில்லை என்று எழுத்தில் முதன்முதலாக வந்தது 1889இல்தான். மெய்ஜி காலத்து அரசகுடும்பச் சட்டம். அதற்கு முன் தயாரான ஒரு வரைவில், ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்ணும் ஆளலாம் என்றே இருந்தது. இனோவே கோவாஷி என்ற சட்ட அறிஞர் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆளும் பெண் வேறு குலத்து ஆணை மணந்தால் பிள்ளை அந்தக் குலத்துப் பிள்ளையாகிவிடும், அரியணை கைமாறிப் போகும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதே நின்றது. பழைய வழக்கத்துக்கும் அப்போதைய ஐரோப்பிய முடியாட்சிகளைப் பார்த்து நவீனமாக வேண்டும் என்ற அவசரத்துக்கும் பிறந்தது அந்தச் சட்டம். இன்று "தொன்றுதொட்ட மரபு" என்று சொல்லப்படும் விதிக்கு எழுத்தில் வயது 140 வருடம்கூட ஆகவில்லை.

சரி, ஆண்வழி மட்டும் என்ற ஏற்பாடு அத்தனை நூற்றாண்டுகள் எப்படி ஓடியது? இதைச் சொல்ல எல்லோரும் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள். துணைமனைவிகளால் ஓடியது. பேரரசர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பட்டத்தரசிக்குப் பிறந்தவர்கள் இல்லை. மெய்ஜிப் பேரரசரின் தாய் நகயாமா யோஷிகோ ஒரு துணைமனைவி. மெய்ஜிக்கும் பட்டத்தரசி வழியாகக் குழந்தையே இல்லை. துணைமனைவிகளுக்குப் பிறந்த 15 குழந்தைகளில் பத்துப் பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். பிழைத்தது நான்கு பெண்களும் ஒரே ஒரு பையனும். அந்தப் பையன்தான் தைஷோ பேரரசர். அத்தனை பெண்களை வைத்துக்கொண்டும் நூலிழையில்தான் தப்பித்திருக்கிறது. 1889 சட்டம் துணைமனைவி மகனுக்கும் பட்ட உரிமை கொடுத்தது. 1947 சட்டம் அதை எடுத்துவிட்டது, ஆண்வழியை மட்டும் விட்டுவைத்தது. எண்ணெயை நிறுத்திவிட்டு விளக்கு மட்டும் எரிய வேண்டும் என்று எதிர்பார்த்த மாதிரிதான். 2005இல் அரச குடும்பத்தின் மிகாசா கிளையைச் சேர்ந்த இளவரசர் தோமோஹிதோ, துணைமனைவி முறையைத் திரும்பக் கொண்டுவரலாமே, ஆனால் இன்றைய சமூகச் சூழலில் கொஞ்சம் கஷ்டம் என்ற பொருளில் ஓர் இதழில் எழுதினார். பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ இந்த விவாதத்தில் நேர்மையாகக் கணக்குப் போட்டவர் அவர்தான் என்று தோன்றியது.

துணைமனைவி வேண்டாம் என்று வாழ்ந்த, தைஷோவின் மகன் ஹிரோஹிதோவுக்கு முதல் நான்கும் பெண்கள். 1933 டிசம்பரில் இன்றைய பேரரசரின் தந்தை அகிஹிதோ பிறந்தபோது டோக்கியோவில் சங்கு இரண்டு முறை ஊதியது. ஒரு முறை என்றால் பெண், இரண்டு முறை என்றால் ஆண் என்பது ஏற்பாடு. முந்தைய பிரசவங்களில் ஒற்றைச் சங்கு கேட்ட பிறகு அரண்மனைக்குள் இருந்த அந்தத் தாயின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? 'அடுத்தது பையனாப் பொறக்கும்' என்று ஆறுதல் சொல்லப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். எனக்கும் இரண்டு பெண்கள்தான்.

போருக்குப் பிறகு 1947 அக்டோபரில் 11 கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேர் அரச குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். செலவு, அமெரிக்க ஆக்கிரமிப்பின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து மரம் ஒரேயடியாகக் கழிக்கப்பட்டது. அதன் விளைவு உடனே தெரியவில்லை. 1965இல் அகிஷினோ பிறந்தார். அதன்பின் 41 வருடம் குடும்பத்தில் ஆண்குழந்தையே பிறக்கவில்லை. வரிசையாக ஒன்பது பெண்கள்.

அந்த ஒன்பதாவது பெண்தான் ஐகோ. அவர் அம்மா மசாகோவின் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹார்வர்டில் படித்தவர், வெளியுறவுத் துறைத் தேர்வில் தேறி அதிகாரியானவர், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டவர். இளவரசர் நருஹிதோவின் திருமணக் கோரிக்கையை முதலில் ஏற்கவில்லை, கடைசியில் 1993 ஜூனில் திருமணம் நடந்தது. அரச குடும்பத்தின் மூலமும் தூதராகப் பணியாற்றலாம் என்று நம்பிப் போனவரிடம் எதிர்பார்த்ததெல்லாம் ஒரு மகன். 1999இல் கர்ப்பம் கலைந்தது, அதுவும் ஊடகங்கள் செய்தியை முந்திக்கொண்டு வெளியிட்ட பிறகு. 2001 டிசம்பர் 1ஆம் தேதி ஐகோ பிறந்தார். வாழ்த்துச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது எப்போது என்ற கேள்வி ஆரம்பித்துவிட்டது. 2003 இறுதியில் மசாகோ பொது நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்கினார். மறு வருடம் மே மாதம் நருஹிதோ பத்திரிகையாளர் சந்திப்பில், மசாகோவின் பணிவாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும்படியான போக்குகள் இருந்தது உண்மை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜப்பானிய அரச குடும்பத்தில் ஒரு வார்த்தை அதிகம் பேசினாலே பூகம்பம். அந்த வாக்கியம் நாட்டையே உலுக்கியது. அந்த வருடமே மசாகோவுக்கு இருப்பது சூழலோடு ஒத்துப்போக முடியாமையால் வரும் மனநலக் குறைபாடு என்று அரண்மனை அறிவித்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் மருத்துவர்கள் அவ்வப்போது அறிக்கை தருகிறார்கள். ஒரு சட்டப் பிரிவு ஒரு பெண்ணின் உடம்புக்குள் புகுந்து வேலை பார்த்ததற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே காலத்தில் பிரதமர் கொய்சுமி பத்துப் பேர் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் ஒரு பொறியியல் அறிஞர், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் யோஷிகாவா ஹிரோயுகி. ஐ.நா. அகதிகள் ஆணையராக இருந்த ஒகாதா சதாகோவும் அதில் இருந்தார். 2005 நவம்பரில் குழு ஏகமனதாகச் சொன்னது: ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பட்டம், பெண்வழியும் செல்லும். துணைமனைவி இல்லாத, ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நின்றுவிடும் குடும்பங்களின் காலத்தில் ஆண்வழி தாங்காது என்று கணக்கோடு விளக்கினார்கள். மசோதா கொண்டுவரப் போவதாக கொய்சுமி அறிவித்தார். 2006 பிப்ரவரி 7ஆம் தேதி நாடாளுமன்றத்தின் பட்ஜெட் குழு நடந்துகொண்டிருந்தபோது அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். அகிஷினோவின் மனைவி கிகோ கர்ப்பம் என்று செய்தி. இரண்டாவது மகள் ககோவுக்கு அப்போது 11 வயது.

மசோதா அப்படியே நின்றது. செப்டம்பர் 6ஆம் தேதி, 40 வயதுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கிகோ அறுவைச் சிகிச்சையில் ஹிசாஹிதோவைப் பெற்றெடுத்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். தீரவில்லை, ஒரு தலைமுறை தள்ளிப்போயிற்று. சுமையெல்லாம் அந்தப் பையன் தலைக்கும், இன்னும் யாரென்றே தெரியாத அவன் வருங்கால மனைவிக்கும் மாற்றிவிடப்பட்டது. ஹிசாஹிதோ இப்போது சுகுபா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறார், தட்டான்பூச்சிகளில் ஆர்வம் அதிகம். 2025 செப்டம்பரில் அவருக்கு வயதுவந்தோர் சடங்கு நடந்தது. ஓர் ஆணுக்கு அந்தச் சடங்கு நடந்து 40 வருடம் ஆகியிருந்தது. மசாகோ பட்டதைப் பார்த்த எந்தப் பெண் இந்த வீட்டில் மருமகளாக வரத் துணிவாள்?

இன்னொரு பக்கம் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். நருஹிதோவின் தங்கை, பறவை ஆய்வாளரான இளவரசி சயாகோ 2005இல் டோக்கியோ நகர நிர்வாக ஊழியரை மணந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார். 2021இல் அகிஷினோவின் மூத்த மகள் மகோ, கல்லூரித் தோழரை மணந்தார். மாமியாரின் பழைய பணத் தகராறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊடகங்கள் நான்கு வருடம் குதறின. கடைசியில் திருமணச் சடங்குகளும் இல்லை. வெளியேறும் இளவரசிக்குத் தரப்படும் சுமார் 15 கோடி யென் வரையிலான தொகையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு நியூயார்க் போய்விட்டார். என்னோடு வேலை பார்த்த ஜப்பானியப் பெண்களிடம் ஐகோ பேரரசராக வேண்டுமா என்று கேட்டால் பாதிப் பேர் தயங்காமல் ஆமாம் என்பார்கள். மீதிப் பேர், "பாவம், அவராவது நிம்மதியாகப் போகட்டுமே" என்பார்கள். இரண்டாவது பதிலை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. சமத்துவம் என்ற பெயரில் நாம் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க நினைப்பது வாக்குரிமைகூட இல்லாத ஒரு வாழ்க்கையை. இருந்தாலும், போவதா இருப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாவது அவருக்கு இருந்ததா? போகத்தான் முடியும் என்பதே அவருக்கு வகுக்கப்பட்ட விதி.

மக்கள் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. 2024இல் கியோதோ செய்தி நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 90 சதவீதம் பேர் பெண் பேரரசருக்குச் சம்மதம் சொன்னார்கள். 2025 புத்தாண்டு வாழ்த்துக்கு அரண்மனைத் திடலில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். கண்ணாடி மாடத்தில் குடும்பம் வந்து நின்றபோது என்னைச் சுற்றிலும் "ஐகோ-சமா!" என்ற குரல்கள்தான். பக்கத்திலிருந்த பாட்டி ஒருவர் கொடியை ஆட்டிய வேகத்தில் என் கண்ணாடி கீழே விழுந்தது.

அரசியல்வாதிகள் இருப்பது வேறு உலகம். 2017இல் அகிஹிதோ பதவி விலகத் தனிச் சட்டம் போட்டபோது, வாரிசுப் பிரச்சினையையும் சீக்கிரம் ஆராயுங்கள் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அரசாங்கம் அமைத்த குழு 2021 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஹிசாஹிதோ வரை வரிசையில் கைவைக்க வேண்டாம் என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டு, ஆள் எண்ணிக்கையைக் கூட்ட இரண்டு வழி சொன்னது. ஒன்று, இளவரசிகள் திருமணத்துக்குப் பிறகும் அரச குடும்பத்திலேயே இருக்கலாம், ஆனால் கணவனும் பிள்ளைகளும் சாதாரணக் குடிமக்கள். இரண்டு, 1947இல் வெளியேற்றப்பட்ட 11 குடும்பங்களின் ஆண்வழி ஆண்களைத் தத்தெடுக்கலாம். தத்து வருபவருக்குப் பட்டம் கிடையாது. கணக்கெல்லாம் அவருக்குப் பிறக்கப்போகும் மகனைப் பற்றித்தான்.

இரண்டாவது வழியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த 11 குடும்பங்களும் ஃபுஷிமி என்ற ஒரே கிளையிலிருந்து வந்தவை. இன்றைய பேரரசரும் அவர்களும் ஆண்வழியில் சந்திக்க வேண்டுமென்றால் 15ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 600 வருடம். பேரரசரின் சொந்த மகள் ஆகாது, 600 வருடத்துக்கு முன் பிரிந்த பங்காளி ஆகும். அவ்வளவு தூரமா என்று யாராவது கேட்டால் ஆதரவாளர்கள் உடனே சொல்லும் சமாதானம் இன்னும் வேடிக்கை: "இல்லையில்லை, நெருங்கிய உறவுதான். மெய்ஜிப் பேரரசரின் நான்கு மகள்களையும் இந்தக் குடும்பங்களில்தானே கொடுத்தார்கள், ஹிரோஹிதோவின் மூத்த மகளும் ஹிகாஷிகுனி வீட்டுக்குத்தானே போனார்!" மகள் வழி உறவு! கெய்தாய்க்கு தஷிராகா தேவைப்பட்ட மாதிரி இவர்களுக்கும் மகள்கள் தேவைப்படுகிறார்கள்.

2024 அக்டோபரில் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி பரிந்துரைத்தது. எங்கள் நாட்டின் அடிப்படை விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று கண்டித்த ஜப்பான், தான் தரும் நிதி இனி அந்தக் குழுவுக்குப் போகக்கூடாது என்று மறு ஜனவரியில் அறிவித்தது. 2025 அக்டோபரில் நாட்டின் முதல் பெண் பிரதமரானார் தகாய்ச்சி சனாயே. ஆண்வழி மரபைக் காக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியானவர். இஷின் கட்சியோடு போட்ட கூட்டணி ஒப்பந்தத்திலேயே தத்தெடுப்பு வழிக்கு முதலிடம் என்று எழுதிக்கொண்டார்கள். பெண் பிரதமர் வந்தால் மாறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அரசியல் தெரியாது என்பேன். கட்சியின் உச்சிக்கு ஏறும் பெண் அந்தக் கட்சியின் மரபுவாதத்தில் ஏறித்தான் வருகிறாள்.

வெளியில் உலகம் மாறிவிட்டது. ஸ்வீடன் 1980இல் மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று மாற்றியபோது ஏற்கெனவே பிறந்திருந்த இளவரசனிடமிருந்து உரிமையை எடுத்து அக்காவிடம் கொடுத்தது. நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம், டென்மார்க், 2013இல் பிரிட்டன் என்று வரிசையாக மாறின. இதைச் சொன்னால், அந்த முடியாட்சிகள் வேறு, எங்களுடையது வேறு என்பார்கள். வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் ஒரு வம்சம் முடிந்தால் பக்கத்து நாட்டு வம்சத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவருவார்கள். ஜப்பானில் கூட்டிவர வேறு வம்சமே கிடையாது. அப்படியானால் கையிலிருக்கும் பிள்ளைகளை இன்னும் பத்திரமாக அல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்?

இதற்கிடையில் ஐகோ பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்து, ஷோகுஷி என்ற இடைக்கால இளவரசியின் கவிதைகளைப் பற்றி ஆய்வேடு எழுதி, 2024 ஏப்ரலில் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2025 நவம்பரில் பேரரசரின் சார்பில் தனியாக லாவோஸ் போய்வந்தார். பேரரசரின் பிரதிநிதியாக அயல்நாடு போகத் தடையில்லை. திருமண மண்டபத்துக்குப் போனால்தான் எல்லாம் முடிந்துவிடும்.

இனி, இளவரசிகள் திருமணத்துக்குப் பிறகும் குடும்பத்திலேயே இருக்கலாம் என்ற அந்த முதல் வழியே சட்டமானது என்று வைத்துக்கொள்வோம். அரச குடும்பத்தவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மற்ற ஜப்பானியர் எல்லோரும் இடம்பெறும் குடும்பப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது, தனி அரசப் பதிவேட்டில்தான் இருக்கும். தேர்தலில் வாக்களிப்பதில்லை. ஐகோ ஒருவரைக் கட்டிக்கொள்கிறார் என்றால் கணவருக்குக் குடும்பப் பெயர் இருக்கும், மனைவிக்கு இருக்காது. அவர் வாக்களிப்பார், தேர்தலில்கூட நிற்கலாம். இவர் அரசியலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் அப்பாவின் பதிவேட்டில் இருப்பார்கள், அம்மா வேறு பதிவேட்டில். வீட்டுச் செலவில் எது அரசுப் பணம், எது கணவரின் சம்பளம்? பள்ளிக்கூட வாசலில் காவலர் அம்மாவுக்கு மட்டுமா, பிள்ளைக்கும் சேர்த்தா? 2024இல் தன் பிறந்தநாள் பேட்டியில் அகிஷினோ, இந்தத் திட்டத்தால் பாதிக்கப்படப் போகிறவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள், அவர்கள் நிலை என்னவாகும் என்பதை அரண்மனை நிர்வாகத்தின் மேலதிகாரிகளாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றார். ககோவுக்கும் சேர்த்துத்தான் அவர் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். திருமணமாகாத இளவரசிகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் அகிகோ நாற்பதைத் தாண்டிவிட்டார்.